பச்சைப் பலகையில் படிந்த கடல்

அத்தை வீடு கடலூர் முதுநகரில். அந்தப் பெயரை ஊரில் யாரும் வாயால் சொல்வதில்லை. எல்லாருக்கும் அது 'ஓ.டி.'தான். வாசலில் நின்றால் துறைமுகப் பக்கமிருந்து கருவாட்டு வாடையும் ஐஸ் வண்டிச் சத்தமும் வரும். அந்த வீட்டு முன்னறையில் அத்தை பையன் ஒரு கம்ப்யூட்டரைப் போட்டு, பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவது, கல்யாணப் பத்திரிகை டைப் அடிப்பது என்று பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு கார்த்திகை மாதத்துக் காலையில் அது கிளம்பவில்லை. சுவிட்சை அமுக்கினால் விசிறிகூட அசையவில்லை. பீப் சத்தமும் இல்லை. உள்ளே மதர்போர்டுப் பலகையின் மூலையில் ஒரு பச்சை எல்.ஈ.டி. மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"மதர்போர்டு போயிடுச்சு மச்சான்" என்றான். கம்ப்யூட்டர் எதற்காக நின்றாலும் வீட்டில் எழுதப்படும் மரணச் சான்றிதழ் இதுதான்.

பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரத்துக்குக் கொண்டுபோனோம். தெரிந்த மெக்கானிக் அங்கேதான் இருக்கிறார். நாற்பது கிலோமீட்டர் போல, நடுவில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பு.முட்லூர். கடையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. ஒயரைச் சொருகி சுவிட்சைத் தொட்டார், உடனே ஓடியது. இரண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார். "இதுல ஒண்ணுமே இல்லயே சார்" என்று திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அன்றிரவு ஓடியது. மறுநாள் காலை மறுபடி படுத்துக்கொண்டது. இப்படி இரண்டு முறை. "சிதம்பரம் போனா எழுந்துக்குது, வீட்டுக்கு வந்தா படுத்துக்குது. நடராசர் என்னமோ சொல்றாருப்பா" என்றாள் அத்தை.

மூன்றாவது முறை போனபோது மெக்கானிக் இயந்திரத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "வீடு கடலுக்கு எவ்வளவு தூரம் சார்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்கு அன்று விளங்கவில்லை. விளங்க, சுவிட்சை அமுக்கியதும் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டு விளக்கின் சுவிட்ச் மின்சாரத்தையே வெட்டி ஒட்டுகிறது. கம்ப்யூட்டரின் முன்பக்கச் சுவிட்ச் அப்படிப்பட்டதல்ல. அது ஒரு காலிங் பெல் பொத்தான். பலகையில் இரண்டு ஊசிகளை ஒரு நொடி தொடவைத்து, "எழுந்திரு" என்று செய்தி சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. செய்தியைக் கேட்க உள்ளே யாராவது விழித்திருக்க வேண்டுமல்லவா? அதனால் சுவரில் பிளக் சொருகியிருக்கும்வரை, பெட்டிக்குள் மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். எப்போதும் ஒரு சின்ன 5 வோல்ட் மின்சாரத்தைப் பலகைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஊதா நிற ஒயரில் வருவது அதுதான். பச்சை எல்.ஈ.டி. எரிந்ததும் அதனால்தான். 1995-ல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அமைப்பில் வந்த ஏற்பாடு இது. 'ஆஃப்' செய்துவிட்டோம் என்று நாம் தூங்கப்போகும்போதும் பலகையின் ஒரு பகுதி தூங்குவதில்லை. இது பிறகு தேவைப்படும், நினைவில் வையுங்கள்.

செய்தி கிடைத்ததும் பலகை பச்சை ஒயரைத் தரையோடு இணைக்கிறது. எஸ்.எம்.பி.எஸ். முழுமூச்சில் எழுந்து 12, 5, 3.3 வோல்ட்டுகளைத் தருகிறது. அவை நிலைப்பட பத்தில் ஒரு பங்கிலிருந்து அரை நொடிவரை அவகாசம் எடுத்துக்கொண்டு, பிறகே 'பவர் குட்' என்ற சம்மதத்தைச் சாம்பல் நிற ஒயரில் அனுப்பும். அந்தச் சம்மதம் வரும்வரை பிராசசர் பிடித்து நிறுத்தப்பட்டிருக்கும். விட்டதும் அது செய்யும் முதல் காரியம் எப்போதும் ஒன்றே: நான்கு ஜிபி முகவரிப் பரப்பின் உச்சிக்குப் பதினாறு பைட் கீழே உள்ள இடத்தைப் படிக்கும். அங்கே பயாஸ் நிரலின் வாசல் இருக்கிறது. பயாஸ் இருப்பது எட்டுக் கால் கொண்ட ஒரு சின்னச் சில்லில். அந்த நிரல் ஓடத் தொடங்கும்போது ரேம் இன்னும் தயாராகியிருக்காது. பிராசசரின் உள்ளேயே இருக்கும் கேஷ் நினைவகத்தைத் தற்காலிகமாக வைத்துச் சமாளித்துக்கொண்டு, ரேமை எழுப்பி, அதன் கால்களோடு நேரம் ஒத்துப்பார்த்து, பிறகுதான் திரைக்கு வரும். டி.டி.ஆர்.5 ரேம் போட்ட புதுப் பலகைகளில் முதல்முறை இந்த ஒத்துப்பார்த்தலுக்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். திரை கறுப்பாகவே இருக்கும். பொறுமையில்லாமல் பிளக்கைப் பிடுங்கி, "புதுசா வாங்கினதே செத்துப்போச்சு" என்று கடைக்குத் தூக்கிவந்தவர்களை எனக்குத் தெரியும்.

இந்த வரிசையில் ஒரு படியை இப்போதைக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். கதை அங்கேதான் முடியப்போகிறது.

கடைகளில் தினமும் கேட்கும் வாக்கியம், "ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரல." கொண்டுவருபவருக்கு விசிறி சுற்றுவது பெரிய ஆறுதல். நாடி இருக்கிறது என்று நினைக்கிறார். விசிறிக்கு வேண்டியது 12 வோல்ட் மட்டும். பிராசசர் ஒரு கட்டளைகூடப் படிக்காமலே அது சுற்றும். கெட்டிக்கார மெக்கானிக் விசிறியைப் பார்க்கமாட்டார். காது கொடுப்பார். 1981-ல் வந்த முதல் ஐபிஎம் பி.சி.யிலேயே, சோதனைகள் முடிந்ததும் ஒரு சின்ன பீப் என்பது 'எல்லாம் சரி' என்ற அறிவிப்பாக இருந்தது. திரை இல்லாதபோது பேச ஒரு வழி வேண்டுமே. பல பலகைகளில் ரேமைக் கழற்றிவிட்டு ஆன் செய்தால் நீளமாகக் கத்தும். கத்தினால் சந்தோஷப்பட வேண்டும்; பிராசசரும் பயாஸும் உயிரோடு இருந்தால்தான் கத்த முடியும். ரேம் இல்லாமலும் மௌனம் என்றால் கோளாறு அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. பலகையில் ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. இப்போது வரும் பெட்டிகள் பலவற்றில் அந்தச் சின்ன ஸ்பீக்கரே கிடையாது. இல்லாத வாயிடம் பதில் எதிர்பார்த்து அரை நாள் உட்கார்ந்தவன் நான்.

காதுக்கு அடுத்தது டிபக் கார்டு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், இரண்டு இலக்கம் காட்டும் சின்ன அட்டை. 1984-ல் வந்த ஐபிஎம் ஏ.டி. காலத்திலிருந்தே பயாஸ் ஒவ்வொரு படியைத் தொடும்போதும் ஓர் எண்ணைக் குறிப்பிட்ட வாசலில் வீசிவிட்டுப் போகும் பழக்கம் இருக்கிறது. அட்டை அதைப் பிடித்துக் காட்டுகிறது. எண் எங்கே நின்றதோ அங்கே வேலை நின்றது. பல பலகைகளில் 55 என்று நின்றால் ரேமைக் காணோம் என்று பொருள். 00 என்றே இருந்தால் பெரும்பாலும் பிராசசர் முதல் அடியே எடுத்துவைக்கவில்லை. இந்த விஷயத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். எழாத பலகை முழுசாகச் செத்துப்போனதாக இருப்பது அபூர்வம். வரிசையில் ஏதோ ஒரு படியில், யாரோ தரவேண்டிய சம்மதத்துக்காக நின்றுகொண்டிருக்கும். எந்தப் படி என்று கேட்பதுதான் வேலை. கடலோரத்தில் அந்தக் கேள்வியோடு இன்னொன்றும் சேர்ந்துவிடுகிறது: நடுவில் புகுந்தது யார்?

மழைக்காலத்தில் நம் சமையலறை உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள். கசிந்து கட்டிபட்டிருக்கும். சாதாரணச் சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடல் உப்பில் சோடியம் குளோரைடு மட்டும் இருப்பதில்லை. அதில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அந்த அளவு வறட்சி கடலூர் ஓ.டி.யில் கோடையிலும் லேசில் வராது. அலை உடையும்போது தெறிக்கும் துளிகள் காற்றில் காய்ந்து கண்ணுக்குத் தெரியாத உப்புத் தூளாகி, ஜன்னல் வழியே வந்து, பெட்டியின் விசிறியால் உள்ளே இழுக்கப்பட்டு, பலகையின்மேல் படிகின்றன. தூசி என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு, ஈரத்துக்காகக் காத்திருக்கும் உப்பு.

எவ்வளவு உப்பு வருகிறது என்று அளக்க அரிப்பு ஆய்வாளர்களிடம் எளிய முறை ஒன்று உண்டு. ஈரத்துணி சுற்றிய திரியை வெட்டவெளியில் நிறுத்திவைத்து, அதில் ஒட்டிய குளோரைடைக் கணக்கிடுவார்கள். நம் மாநிலத்தில் இந்தத் துறைக்கென்றே பெயர்பெற்ற நிறுவனம் காரைக்குடியில் 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். மண்டபத்திலும் கடலரிப்பு ஆய்வுக்காக அதற்கு ஒரு மையம் இருக்கிறது. உலகெங்கும் அளந்ததில் தெரிவது: கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டரிலேயே உப்பு மளமளவென்று குறைந்து, சில கிலோமீட்டர் உள்ளே போவதற்குள் சொற்பமாகிவிடுகிறது. இதற்கு ஆய்வகம்கூட வேண்டியதில்லை. கடலோரத் தேவனாம்பட்டினத்து வீட்டு ஜன்னல் கம்பியையும் சிதம்பரம் மேலவீதி வீட்டுக் கம்பியையும் தொட்டுப் பார்த்தாலே போதும். முன்னது விரலில் செம்பொடியாக உதிரும்.

உப்பும் ஈரமும் சேர்ந்தால் மின்சாரம் கடக்கும். பலகையில் இரண்டு கால்களுக்கு நடுவே அரை மில்லிமீட்டர் இடைவெளி என்பது இன்று தாராளம். அந்த இடைவெளியில் ஓர் உப்பு ஈரப்படலம் படிந்து, இருபுறமும் வோல்ட்டேஜ் வித்தியாசம் இருந்தால், ஒரு நுண்ணிய முலாம் பூசும் தொட்டி தயார். நேர்முனையில் செம்பும் வெள்ளியும் தகரமும் கரைந்து அயனிகளாகி, எதிர்முனையை நோக்கி நகர்ந்து, அங்கே மறுபடி உலோகமாகப் படியும். மரக்கிளை போலக் கிளைவிட்டு வளர்ந்து ஒருநாள் எதிர்க்கரையைத் தொடும். தொட்டதும் ஷார்ட். சில சமயம் அந்த மின்னோட்டத்திலேயே கிளை எரிந்து மறைந்துவிடும். கோளாறு வந்த தடமே இருக்காது. "அப்பப்ப நிக்குது, அப்பப்ப ஓடுது" என்ற புகாரில் இதுவும் ஒரு ரகம்.

இப்போது அந்த 5 வோல்ட்டுக்கு வருவோம். ஓடும் கம்ப்யூட்டர் சூடாக இருக்கும், சூடு ஈரத்தை விரட்டும். கணக்காகவே சொல்லலாம். அறை 27 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால், 37 டிகிரிக்குச் சூடான பலகையை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 51 சதவீதம்தான். ஓடாமல், பிளக்கும் பிடுங்காமல் கிடக்கும் கம்ப்யூட்டருக்குத்தான் இரட்டை ஆபத்து: உடல் குளிர்ந்து ஈரம் படியும், வோல்ட்டேஜும் விடாமல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கினாலும் பலகையிலுள்ள நாணய பேட்டரியின் 3 வோல்ட் தன் சுற்றுக்குள் இருபத்துநாலு மணி நேரமும் இருக்கும். கரையோரத்துப் பலகைகளில் அந்தப் பேட்டரியைச் சுற்றியே முதலில் பச்சை பூப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

தானே புயல் நினைவிருக்கும். 2011 டிசம்பர் 30 காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. காற்று மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் வரிசை வரிசையாக விழுந்தன. பல ஊர்களுக்குக் கரண்டு திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று.   எங்கள் மெக்கானிக் அந்தப் புயலைக் காற்றால் நினைவு வைத்திருக்கவில்லை. "கரண்டு வந்த வாரம் சார், அப்பதான் எனக்குப் புயல். அத்தன நாள் ஈரத்துல கெடந்தத எல்லாம் ஆன் பண்ணிப் பாத்துட்டு தூக்கிட்டு வந்தாங்க" என்றார்.

சிதம்பரத்தில் பலகையைப் பற்றிப் பேசிவிட்டுப் பொன்னைச் சொல்லாமல் இருக்க முடியாது. தில்லைச் சிற்றம்பலத்தின் கூரை பொன் வேய்ந்தது. அதைச் செய்தவன் என்ற பெருமை முதலாம் பராந்தக சோழனுக்கு. ஓடுகள் 21,600, ஒருநாளில் மனிதன் விடும் மூச்சுக்களின் கணக்கு; ஆணிகள் 72,000, உடம்பின் நாடிகள் என்று மரபு. நிமிஷத்துக்குப் பதினைந்து மூச்சு என்று பெருக்கினால் 21,600 சரியாகவே வருகிறது. வெயிலிலும் மழையிலும் கடல் இருக்கும் திசைக் காற்றிலும் அந்தக் கூரை மின்னுவதற்குக் காரணம், பொன் ஆக்சிஜனோடும் உப்போடும் லேசில் சேராது என்பது. ரேமின் விளிம்பிலுள்ள தொடுமுனைகளுக்குப் பொன் பூசுவதும் இதே காரணத்துக்காகத்தான். வித்தியாசம் கனத்தில். நல்ல தொடுமுனையிலேயே பூச்சு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அவ்வளவு மெல்லிய பூச்சில் ஊசித்துளைகள் இருக்கும். பொன்னுக்கு ஒன்றும் ஆகாது. துளை வழியே இறங்கும் உப்பீரம் அடியிலுள்ள நிக்கலையும் செம்பையும் தின்று, விளைந்ததைத் துளை வழியே மேலே தள்ளும். பொன்னுக்கு மேலேயே ஒரு களிம்பு.

எனவேதான் நம் ஊர்க் கடைகளின் முதல் வைத்தியம் அழிரப்பர். ரேமைக் கழற்றித் தேய்த்து, திரும்பச் சொருகினால் பாதிப் பலகைகள் பிழைத்துக்கொள்ளும். இதை நாட்டு வைத்தியம் என்று சிரிப்பவர்கள் உண்டு. நான் சிரிக்கமாட்டேன். களிம்பு போகிறது, வேலை நடக்கிறது. ஆனால் பென்சிலுக்கான மெத்தென்ற வெள்ளை ரப்பரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் பொன்னையும் சேர்த்து அழிக்கும், ஊசித்துளை பெரிய வாசலாகும். இன்னொன்று: கழற்றித் திரும்பச் சொருகுவதே ஒரு துடைப்பு. சொருகும்போது ஸ்லாட்டின் வில் முனை பொன்னின்மேல் உரசிக்கொண்டே போகும்படிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் குலுங்கி வந்த பெட்டி கடையில் எழுந்துகொள்வதில் இந்த உரசலுக்கும் பங்கு இருக்கலாம் என்று நான் நினைத்தேன். எங்கள் விஷயத்தில் அது தவறு. ரேமைத் தேய்த்தும் வீட்டில் எழவில்லை.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் குடிகாடு, பச்சையாங்குப்பம் பக்கம் சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டை. அழுகிய முட்டை வாடை வருவதாகச் சுற்றுக் கிராமத்தார் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். அந்த வாடைக்குச் சொந்தக்காரன் ஹைட்ரஜன் சல்பைடு. சாக்கடையும் உப்பங்கழிச் சேறும்கூட அதை வெளியிடும். வெள்ளிக் கொலுசைக் கறுக்கவைக்கும் அதே வாயு பலகையிலுள்ள வெள்ளியையும் தேடிப் போகும். பலகையில் வெள்ளி எங்கே வந்தது? 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் ஈயத்துக்குத் தடை விதித்தது. உலகத் தொழிற்சாலைகள் எல்லாம் ஈயம் கலந்த பூச்சை விட்டு வேறு பூச்சுகளுக்கு மாறின. மெல்லிய வெள்ளிப் பூச்சு அவற்றில் ஒன்று. ஈயம் நஞ்சு, தடை நியாயமே. ஆனால் கந்தகக் காற்றுள்ள இடங்களில் செம்பு சல்பைடு பலகையின் பரப்பில் கறுப்பு மை போல ஊர்ந்து அக்கம்பக்கத்துக் கால்களை இணைப்பது அதற்குப் பிறகு பெருந்தொல்லையாயிற்று. கடுகளவு மின்தடைகளுக்குள் இருக்கும் வெள்ளி முனையும் சல்பைடாகி அறுந்துபோகும். வெளியே எந்த அடையாளமும் தெரியாது, மீட்டரில் மட்டும் 'ஓப்பன்' காட்டும். எங்கள் பலகையில் அந்தக் கறுப்பைத் தேடிப் பார்த்தோம், இல்லை.

தலை வீங்கிய கெப்பாசிட்டரும் இல்லை. 2000-களின் தொடக்கத்தில் உலகமெங்கும் அது ஒரு கொள்ளைநோய். உள்ளிருக்கும் திரவத்தின் கலவை சரியில்லாமல் ஹைட்ரஜன் வாயு உண்டாகி, தலையில் வேண்டுமென்றே கீறிவைத்திருக்கும் கோட்டில் பிளந்து வழியும். இப்போது திட பாலிமர் கெப்பாசிட்டர்கள் வந்தபின் குறைந்துவிட்டது. பழைய பலகை என்றால் முதலில் அந்தத் தலைகளைத்தான் பார்க்க வேண்டும்.

வெள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை, என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொள்வதற்காக. 2015 மழையில் கெடிலமும் தென்பெண்ணையும் கரைபுரண்டபோது என் கம்ப்யூட்டர் முழங்கால் தண்ணீரில் நின்றது. வெயில் வந்ததும் மொட்டை மாடியில் நான்கு நாள் காயவைத்தேன். பலகை சருகு போலக் காய்ந்ததென்று நம்பிச் சொருகினேன். 'பட்'டென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தண்ணீர் அதைக் கொல்லவில்லை. மின்சாரம் இல்லாதபோது பலகை தண்ணீரில் கிடப்பதால் உடனே பெரிய நஷ்டமில்லை. தொழிற்சாலையில் பலகைகளைத் தண்ணீரில் கழுவுவதே உண்டு. கொன்றது, தண்ணீர் விட்டுப்போன சேறும் உப்பும். நான் செய்திருக்க வேண்டியது நேர்மாறு: பேட்டரியைக் கழற்றிவிட்டு, பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரால் தாராளமாகக் கழுவி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் அலசி, நிழலில் விசிறிக் காற்றில் சில நாள் விட்டிருக்க வேண்டும். அரிசிப் பானைக்குள் புதைப்பதால் ஒரு பயனும் இல்லை. அரிசி ஈரத்தைக் கொஞ்சம் இழுக்கலாம், உப்பை இழுக்காது.

ஓ.டி. பலகைக்குத் திரும்புவோம். மூன்றாவது தடவை மெக்கானிக் அதைப் பெட்டிக்குள் வைத்து ஓட்டிப் பார்க்கவே இல்லை. ஏ.சி.யை நிறுத்திவிட்டு, பெட்டியிலிருந்து பலகையைக் கழற்றி ஓர் அட்டைப்பெட்டியின்மேல் வைத்தார். பெட்டிக்குள் எங்காவது திருகு பட்டு ஷார்ட் ஆகிறதா என்ற சந்தேகம் இதில் தீர்ந்தது. ஒரே ஒரு ரேம், பிராசசர், எஸ்.எம்.பி.எஸ்.; மற்றதெல்லாம் வெளியே. சுவிட்சுக்குப் பதில் ஸ்க்ரூ டிரைவர் முனையால் இரண்டு ஊசிகளையும் தொட்டார். ஓடியது. நிறுத்தினார். பேட்டரியை மீட்டரில் பார்த்தார், 3 வோல்ட் காட்டியது. பிறகு, கண்ணாடி துடைப்பதற்கு முன் ஊதுவோமே, அதுபோல வாயைத் திறந்து பலகையின் ஒவ்வொரு மூலையிலும் 'ஹா' என்று மூச்சு விட்டு, ஒவ்வொரு முறையும் ஸ்க்ரூ டிரைவரால் தொட்டுப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ரேம் பக்கம் ஊதினார், ஓடியது. பிராசசரைச் சுற்றி ஊதினார், ஓடியது. பேட்டரிக்குப் பக்கத்தில் ஊதினார். பலகை அசையவில்லை.

ஐந்து நிமிஷம் கழித்துத் தொட்டபோது ஓடியது. மறுபடி ஊதினார், நின்றது.

நான் சொல்லாமல் விட்ட படி அதுதான். பேட்டரிக்குப் பக்கத்தில் அரிசி போல ஒரு வெள்ளி உருளை இருந்தது. உள்ளே நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம். கைக்கடிகாரத்தில் இருப்பதும் இதே. ஏன் அந்த எண்? பாதி, பாதியின் பாதி என்று பதினைந்து முறை வகுத்தால் மிச்சம் ஒன்று, அதாவது ஒரு நொடி. கம்ப்யூட்டர் மணி பார்ப்பதற்கு மட்டும்தான் அது என்று நான் நினைத்திருந்தேன். பல இன்டெல் சிப்செட் பலகைகளில் அந்தத் துடிப்பு இல்லாவிட்டால் மின்சாரத்தைப் படிப்படியாக ஏற்றும் வரிசையே தொடங்காது. சுவிட்ச் சொல்லும் செய்தியைக் கேட்கும் ஆள் அந்தத் தாளத்தில்தான் விழித்திருக்கிறார். அந்தச் சுற்று மிகமிகச் சன்னமான மின்னோட்டத்தில் ஓடுவது. படிகத்தின் குறுக்கே வைக்கும் மின்தடை வழக்கமாக ஒரு கோடி ஓம். அவ்வளவு பெரிய தடைக்குப் பக்கத்தில் ஓர் உப்பு ஈரப்படலம் சில லட்சம் ஓமில் குறுக்குவழி போட்டுக் கொடுத்தால் போதும், படிகம் துடிப்பதை நிறுத்திவிடும். கண்ணுக்கு அங்கே லேசான வெண்மை மட்டும் தெரிந்தது, மையிட்ட இமை ஓரத்தில் காய்ந்த கண்ணீர் போல.

ஏ.சி. அறையில் படலம் காய்ந்தது, பலகை எழுந்தது. எங்கள் ஓ.டி. வீட்டில் விடியற்காலைக் காற்று பட்டதும் உப்பு மறுபடி கசிந்தது.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை ஆல்கஹாலில் தோய்த்து அந்த மூலையை மட்டும் நாலு முறை தேய்த்தார். ஹேர் டிரையரைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக் காயவைத்தார். பிறகு அந்த இடத்துக்கு மேல் தெளிவான வார்னிஷ் போன்ற காப்புப் பூச்சை மெல்லத் தடவினார். நெருங்கிப்போய் நீளமாக ஊதினார், ஸ்க்ரூ டிரைவரால் தொட்டார். விசிறி சுற்றியது. "இருநூறு ரூபா குடுங்க சார்" என்றார்.

வீட்டில் மாட்டி ஆன் செய்தபோது திரை வந்தது. பேட்டரியைக் கழற்றிப் போட்டதால் கடிகாரம் எல்லாவற்றையும் மறந்து, பலகை பிறந்த வருஷத்து ஜனவரி 1, நள்ளிரவு தாண்டிய நேரம் என்று காட்டியது. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "மணி ஏழாவுது, அத மொதல்ல மாத்துடா" என்று பையனிடம் சொல்லிவிட்டு, ஈரக்காற்று வராமல் ஜன்னலைச் சாத்தினாள்.